ஏழாம் நம்பர் குடைக்கடை

பேர் நாக்கு நுனியில் நிற்கிறது என்று சொல்லக்கூடத் தணிகாசலத்துக்கு வழியில்லை. நுனியில் நின்றிருந்தால் காறித் துப்பியாவது வெளியே கொண்டுவந்திருப்பார். இது நாக்கிலும் இல்லை, தொண்டையிலும் இல்லை, மண்டைக்குள் எந்தச் சந்தில் ஒளிந்திருக்கிறது என்றும் தெரியவில்லை. ஹார்டன் கட்டடத்து வளைவுகளுக்கு அடியில், எட்டாம் நம்பர் கடை வாசலில், அந்தப் பெண் போட்டுக்கொடுத்த பிளாஸ்டிக் நாற்காலியில் காலைக் காப்பி முடிந்த கையோடு வந்து உட்கார்ந்தவர், பக்கத்து ஏழாம் நம்பரின் புதுக் கதவையே முறைத்துக்கொண்டிருந்தார். கதவுக்கு அரக்கு நிறத்தில் வார்னிஷ் அடித்திருந்தார்கள். பழமையை அப்படியே மீட்டிருக்கிறார்களாம். இந்தக் கதவு எந்தக் காலத்தில் அரக்கு நிறமாக இருந்தது? பச்சை. பாசி பிடித்த குளத்துப் பச்சை. கீழ்ப்பக்கம் உளுத்துப்போய், மழைக்காலம் வந்தால் வீங்கிக்கொண்டு, குடைக்காரர் தோளால் ஒரு இடி, முட்டியால் ஒரு இடி கொடுத்தால்தான் வழிவிடும். அந்த இரண்டு இடியின் சத்தமும் ஞாபகம் இருக்கிறது. இடித்து முடித்ததும் 'ஹக்' என்று ஒரு இருமல் வருமே, அது ஞாபகம் இருக்கிறது. இருமிவிட்டு இந்தப் பக்கம் தலையை நீட்டி, "கோப்பை, வந்துட்டியா?" என்று கேட்பாரே, அது நேற்றுக் கேட்டதுபோல இருக்கிறது. இவர் என்ன பதில் சொல்வார்? "வந்துட்டேன் குடை." அவ்வளவுதான். முப்பது வருஷமாக அவ்வளவுதான். பேர் என்னய்யா உன் பேர், சொல்லித் தொலையேன்.

பெண்ணின் பேர் மிருதுளா. கட்டடத்தைப் பழையபடி புதுப்பித்த ட்ரஸ்டு சார்பில் வந்திருக்கிறாள், கட்டடக் கலை படித்தவளாம், தலையில் மஞ்சள் ஹெல்மெட், காலில் பையன்கள் போடுகிற பூட்ஸ். நாளைக்குத் திறப்பு விழா. ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு பித்தளைப் பலகை அறையப்போகிறார்கள், அந்தக் கடையில் இதற்கு முன்னால் வியாபாரம் செய்தவர் பேரும் அவர் விற்ற சரக்கும் போட்டு. எட்டாம் நம்பர் பலகை தயார். 'மாசிலாமணி அண்டு சன், பரிசுக் கோப்பைகள், கேடயங்கள்' என்று அப்பா பேர் பளபளவென்று இருந்தது. அந்த 'சன்' யார் என்று போகிறவன் வருகிறவனுக்குத் தெரியப்போவதில்லை, போகட்டும். ஆனால் ஏழாம் நம்பர்? "சார், ஒரே ஒரு பேர்தான் சார் பெண்டிங். மத்தியானத்துக்குள்ள சொல்லிட்டீங்கன்னா இன்னைக்கே வெட்டிடுவாங்க" என்றாள் மிருதுளா. இவரும் பெரிய மனுஷன் மாதிரி நேற்று டெலிபோனில், "அதுக்கென்னம்மா, என் பக்கத்துக் கடை, நான் சொல்லாம யாரு சொல்லுவா, நேர்லயே வந்து சொல்றேன்" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டார். போனை வைத்த பிறகுதான் தெரிந்தது, சொல்வதற்கு ஒன்றுமே இல்லை என்று. ராத்திரி புரண்டு படுத்து, காலையில் பல் தேய்த்து, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கி, எல்லா நேரமும் தேடியாகிவிட்டது. "குடைக்காரர்னே போட்டுடேன்மா, நாங்க எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டோம்" என்று கேட்டுப் பார்த்தார். "கமிட்டியில ஒத்துக்க மாட்டாங்க சார். ஆள் பேர் வேணும். இல்லேன்னா பத்திரத்துல இருக்கிற பேரைத்தான் போடணும்." பத்திரத்தில் இருப்பவன் எவனோ லோகநாத முதலியாம், கயிறு வியாபாரமாம். கயிறு! அந்தக் கயிற்றுக்காரனை இந்தக் கட்டடத்தில் எவனும் கண்ணால் பார்த்ததில்லை. என்றைக்கோ கடையை எடுத்து, உள்வாடகைக்கு விட்டு, ஊரைப் பார்த்துப் போனவன். குடைக்காரர் முப்பது வருஷம் தோளால் இடித்துத் திறந்த கதவுக்குப் பக்கத்தில் அவன் பேர் பித்தளையில் மின்னப்போகிறது. நினைக்க நினைக்கத் தணிகாசலத்துக்கு வயிறு எரிந்தது.

எத்தனை பேர்களைப் பார்த்த ஆள் இவர்! பள்ளிக்கூட விளையாட்டு விழாக்கள் எல்லாம் தை, மாசியில்தான் வரும். அந்த இரண்டு மாசமும் கடையில் நிற்க இடம் இருக்காது. நூறு மீட்டர் முதல் பரிசு, கோணிப்பை ஓட்டம் இரண்டாம் பரிசு, தலைமையாசிரியர் பேர், கொடை கொடுத்தவர் பேர், கொடுத்தவரின் செத்துப்போன அப்பா பேர். எல்லாப் பேரும் இவர் கண்ணைத் தாண்டித்தான் கோப்பையில் ஏறும். ஒரு எழுத்துத் தப்பியதில்லை. மற்ற மாசங்களில் ஈ ஓட்டுவார். அப்போது பக்கத்தில் குடைக்காரரும் ஈ ஓட்டுவார். ஐப்பசி, கார்த்திகை வந்தால் குடைக்காரருக்குத் தலைகால் புரியாது. இவர் போய் அங்கே நின்று, கம்பி வளைந்ததா, பட்டன் வேலை செய்கிறதா என்று விரித்துக் காட்டி விற்றுக் கொடுப்பார். தை வந்தால் குடைக்காரர் இங்கே வந்து கோப்பைகளுக்குத் துணி போட்டுத் துடைத்துக் கொடுப்பார். துடைக்கிற துணியைக் கண்ட இடத்தில் போடும் பழக்கம் அவருக்கு. சாப்பாட்டில் கத்தரிக்காய் இருந்தால் இவர் டப்பாவுக்குத் தள்ளிவிடுவார். இடது கால் கட்டைவிரலில் நகம் கிடையாது, மேலே உயரத்தில் கட்டித் தொங்கவிட்ட குடைக்கட்டு ஒருநாள் விழுந்து போனது. பெண்டாட்டி சீக்கிரமே போய்விட்டாள். பெண் ஒருத்தி, அவள் பிறந்த அன்றைக்குக் கடையில் ஜிலேபி கொடுத்தார், அதில் வனஸ்பதி வாடை. இத்தனையும் தெரிகிறதே, இந்தச் சனியன் பிடித்த மண்டைக்கு வனஸ்பதி வாடை தெரிகிறதே! கேட்டது ஒரு பேர். அதைத் தவிர எல்லாவற்றையும் எடுத்து எடுத்து நீட்டுகிறது.

தப்பு இவருடையது மட்டும் இல்லை. கட்டடத்தின் வழக்கமே அப்படி. ஹார்டன் கட்டடத்தில் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், பேர் கேட்கவும் மாட்டார்கள். இரண்டு தெரு தள்ளிக் கோர்ட்டு. கட்டடக்காரர் கடைகளைக் காலி செய்யச் சொல்லி வழக்கு மேல் வழக்காகப் போட்டுக்கொண்டே இருந்தார். இங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் உள்வாடகைக்காரர்கள். கையில் சம்மன் ஓலையை வைத்துக்கொண்டு கோர்ட்டு அமீனா வருவான். இன்னார் எந்தக் கடை என்று பக்கத்துக் கடையில் கேட்பான். ஆளைக் காட்டிவிட்டால் ஓலை கைக்கு வந்துவிடும், வழக்கு நகர்ந்துவிடும். தெரிந்துகொண்டே தெரியாது என்று சொல்வதற்குச் சிலருக்குக் கூச்சம். ஒன்பதாம் நம்பர் மருந்துக்கடைக்காரர் நெற்றி நிறைய நாமம் போடுகிறவர், பொய் சொல்ல வாய் வராது அவருக்கு. அதனால் யாரோ ஒருத்தர் ஆரம்பித்து வைத்ததுதான் இது. பேரே தெரியாவிட்டால் பொய்யே இல்லையே! மருந்து, குடை, கோப்பை, கடிகாரம், மேலே மாடியில் பல்செட்டு. கடைப் பலகைகளில்கூட அவ்வளவுதான். வாடகை வசூலுக்கு வருகிற ஆளும் நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவான். அமீனா வந்து கேட்டால் இவர் கோப்பையைத் துடைத்துக்கொண்டே, "அப்படி யாரையும் எனக்குத் தெரியாதுங்களே" என்பார். சத்தியமான வார்த்தை. அமீனா வியர்வையைத் துடைத்துக்கொண்டு போனதும் குடைக்காரர் பக்கத்திலிருந்து தலையை நீட்டிச் சிரிப்பார். அப்போது அமீனா சொன்ன பேர் குடைக்காரரின் பேராக இருந்திருக்குமோ? இருந்திருக்கும். அதற்குத்தானே அந்தச் சிரிப்பு. அமீனா என்ன பேர் சொன்னான்? ஒழுங்காகக் காதில் வாங்கியிருந்தால் இன்றைக்கு இந்தப் பாடு உண்டா! கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று காதைப் பொத்திக்கொண்டு முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தோம், மடையன்கள்.

எழுத்து வரிசையில் போய்ப் பார்ப்போம் என்று மூன்றாவது தடவையாக ஆரம்பித்தார். அருணாசலம், அய்யாக்கண்ணு, ஆறுமுகம். இல்லை. இளங்கோ, ஈஸ்வரன், உமாபதி. எதைச் சொன்னாலும் அந்த நகமில்லாத கட்டைவிரலோடு ஒட்ட மாட்டேன் என்கிறது. உமாபதி கொஞ்சம் ஒட்டினமாதிரி இருந்தது. உமாபதி, உமாபதி என்று நாலு தடவை சொன்னதும் அது யாரோ தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கிறவன் பேராக மாறிவிட்டது. எதிரே, வேலைக்காரன் பித்தளைத் தகட்டை மணல் மூட்டைமேல் வைத்து டொக் டொக் என்று வெட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு டொக்குக்கும் ஒரு பேர் வந்து விழுந்தது, கந்தசாமி, கல்யாணம், காளிதாஸ். புதுச் சுண்ணாம்பு வாடை மூக்கைக் கரித்தது. நாற்காலியின் ஒரு கால் குட்டை, அசைந்தால் ஆடுகிறது. கழுத்தில் வியர்வை. பெரியண்ணன் நினைவு வந்தது, வேண்டாம் என்று தள்ளினாலும் வந்தது. பெரியண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் தெருப் பேர் போனது, அப்புறம் பேரன் பேர் போனது, கடைசியில் பக்கத்தில் உட்கார்ந்து சோறு ஊட்டிய அண்ணியைப் பார்த்து, "அம்மா, நீங்க எந்தூரு?" என்று கேட்டார். அண்ணி சிரித்தபடியே ஊரைச் சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய் அழுதாள். இல்லை, இது அது இல்லை. இன்றைய தேதி தெரிகிறது. பஸ் நம்பர் தெரிகிறது. இன்னொரு தடவை பஸ் நம்பரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் இன்னும் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்தப் பேர் தேவைப்பட்டது. குடைக்காரர் ஒருநாள் கதவைப் பூட்டக் குனிந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். வாயில் நுரை. ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார் தணிகாசலம். நர்ஸ், "பேஷண்டு பேர் என்ன?" என்று கேட்டாள். இவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குடை என்று சொல்ல முடியுமா? வாயில் வந்தது "மாசிலாமணி". அப்பா பேர். அப்பா போய்ப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. குடைக்காரர் கட்டிலில் கிடந்த நாலு நாளும் தலைமாட்டில் மாசிலாமணி என்றே எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். தெளிந்து எழுந்ததும் குடைக்காரர் அதைப் படித்துவிட்டு, "இது யாருய்யா?" என்று கேட்டார். "எங்கப்பா" என்றார் இவர். குடைக்காரர் இருமி இருமிச் சிரித்தார். "நல்ல பேர்தான், வெச்சுக்கறேன்." அந்த இடத்தில் கேட்டிருக்கலாமே! சரி, உன் நிஜப் பேர் என்ன என்று ஒரு வார்த்தை. வாய்வரைக்கும் வந்தது. கேட்டால், இத்தனை வருஷம் பழகி இது தெரியாதா என்று அவர் நினைப்பாரே என்று வெட்கம். அதைவிட, கேட்டுவிட்டால் ஏதோ ஒன்று கெட்டுப்போகும் என்கிற நினைப்பு. என்ன கெட்டுப்போகும்? ஒரு மண்ணும் கெட்டுப்போயிருக்காது. மாடிக் கைப்பிடிச் சுவர் ஒருநாள் இடிந்து விழுந்து, கட்டடம் ஆபத்து என்று சீல் வைத்து, அரை நாளில் எல்லாரையும் சரக்கோடு தெருவில் நிறுத்தினார்களே, அன்றைக்காவது கேட்டிருக்கலாம். அன்றைக்கு வண்டி பிடிக்கவே நேரம் இல்லை. குடைக்காரர் தட்டுவண்டியில் குடைக்கட்டுகளின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு கையை ஆட்டினார். "போன்ல பேசு கோப்பை" என்றார்.

பேசினார்கள். முதலில் வாரம் ஒருதரம், அப்புறம் மாசம் ஒருதரம், அப்புறம் தீபாவளி, பொங்கல். போன தீபாவளிக்கு இவர் கூப்பிடவில்லை. ஒவ்வொரு தடவையும் நாமேதான் கூப்பிடுகிறோம், அவன் ஒரு தடவை கூப்பிடட்டுமே என்று ஒரு பிடிவாதம். அவர் கூப்பிடவில்லை. இவரும் விட்டுவிட்டார். செல்போனில் அந்த நம்பர் 'குடை' என்றுதான் இருக்கிறது. நேற்றிலிருந்து பத்துத் தடவை அழுத்திவிட்டார். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒருத்தி தேன் ஒழுகச் சொல்கிறாள். நம்பரை மாற்றினால் சொல்ல மாட்டாயா? அப்படி என்ன பெரிய வேலை உனக்கு? கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் வேறொன்று தலைகாட்டியது, அதைப் பார்க்காமல் மருந்தின் நம்பரை அழுத்தினார். மருந்துக்கடைக்காரர் இப்போது அம்பத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறார், காது மந்தம். "மருந்து, நான் கோப்பை பேசறேன். குடை இருக்கானே, அவன் பேர் என்னய்யா?" "என்னது?" "குடை! குடை பேர்!" "குடையா? இங்க மழையே இல்லியே." "யோவ், ஏழாம் நம்பர் குடைக்காரன். அவனோட சொந்தப் பேர் என்னன்னு கேக்கறேன்." "குடை பேர் குடைதானே" என்றார் மருந்து. பிறகு அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். "அடக் கடவுளே. எனக்கும் தெரியாதேப்பா. ஏதோ சாமி பேரா இருக்குமோ?" சாமி பேராம்! இந்த ஊரில் சாமி பேர் இல்லாதவன் எவன்? "ஆமா, உன் பேர் மட்டும் என்ன? உன் பேரும் எனக்குத் தெரியாதே கோப்பை" என்று மருந்து சிரித்தார். சிரிக்கிற நேரமா இது? இவர் போனை வைக்கப் போகும்போதுதான், "இரு இரு, குடையோட பொண்ணு டீச்சரா இருக்கா, என் மருமக வேலை செய்யற ஸ்கூல்தான், நம்பர் வாங்கி அனுப்பச் சொல்றேன்" என்றார் மருந்து. முதலிலேயே சொல்லித் தொலைப்பதற்கென்ன!

அந்தப் பெண்ணின் கல்யாணப் பத்திரிகை! தணிகாசலம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார், நாற்காலி ஆடியது. குடைக்காரர் நேரில் கொண்டுவந்து வைத்தாரே, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி. உள்ளே பேர் இல்லாமல் இருக்குமா? கொட்டை எழுத்தில் இருந்திருக்கும். கவரின் மேலே குடைக்காரர் கையால் 'திரு. கோப்பை அவர்கள், குடும்பத்துடன்' என்று எழுதியிருந்தார். அதைப் படித்துச் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. உள்ளே பிரித்ததும் ஞாபகம் இருக்கிறது. ரோஸ் நிற அட்டை, மேலே பிள்ளையார். அதற்குக் கீழே கண் நேராக முகூர்த்தம் எந்தக் கிழமை என்றுதான் போயிற்று, ஏனென்றால் அது மாசி மாசம், இரண்டு பள்ளிக்கூடத்துக்குச் சரக்குக் கொடுக்க வேண்டும். கல்யாணத்துக்குப் போகவில்லை. ஒரு வெள்ளிக் குங்குமச்சிமிழ் கொடுத்தனுப்பினார். மனசைக் கூர்மையாக்கி அந்த அட்டையை மறுபடி கண்முன் பிடித்துப் பார்த்தார். பிள்ளையார் வந்தார், தும்பிக்கை வந்தது, கீழே எழுத்துகள் எறும்புகளாக ஊர்ந்தன. ஒரு எழுத்தாவது நில்லேன். பித்தளை வெட்டுகிறவன் அந்த நேரம் பார்த்து டொக்கென்று ஓங்கி ஒரு அடி அடித்தான், அட்டையே போய்விட்டது. "யப்பா, கொஞ்சம் மெதுவா அடியேன்!" என்று கத்தினார். அவன் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தான்.

மிருதுளா வந்து எட்டிப் பார்த்தாள். "ஞாபகம் வந்துச்சா சார்?" "வந்துடும்மா, வந்துடும். ஒரு போன் வரணும்." "டீ சொல்லட்டுமா சார்?" வேண்டாம் என்று கையை ஆட்டினார். அவள் போனதும் டீ குடித்திருக்கலாம் என்று தோன்றியது. செல்போன் உறுமியது, நம்பர் வந்திருந்தது. கீழே தமயந்தி என்று பேர். ஆ, தமயந்தி! பேர் வைத்த அன்றைக்குக் குடைக்காரர் வந்து சொன்னாரே. மகள் பேரைச் சொல்லத் தெரிந்ததே உனக்கு. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு நம்பராக அழுத்தினார். மணி அடித்தது. பின்னால் பிள்ளைகள் கோரஸாக வாய்ப்பாடு சொல்லும் சத்தம். "ஹலோ, தமயந்திம்மாவா? நான் ஹார்டன் கட்டடத்துல கோப்பைக் கடை வெச்சிருந்தவன்மா. உங்கப்பாவுக்குப் பக்கத்துக் கடை. கோப்பைன்னு கூப்பிடுவாரு." அந்தப் பக்கம் நடக்கிற சத்தம், ஒரு கதவு சாத்துகிற சத்தம், வாய்ப்பாடு தூரமாகப் போயிற்று. "சொல்லுங்க" என்றாள். இவர் மூச்சுவிடாமல் சொன்னார், பலகை, நாளைக்குத் திறப்பு விழா, கயிற்றுக்காரன், கமிட்டி. "அதுக்கு உங்கப்பா பேர் வேணும்மா. கேட்டா நீ சிரிப்பே, இத்தனை வருஷம் பழகியும்..." என்று சொல்லும்போதுதான், முதலில் ஆள் எப்படி இருக்கிறான் என்று கேட்டிருக்க வேண்டும் என்று உறைத்தது. "அப்பா எப்படி இருக்காரு?"

"அப்பா தவறிட்டாரு. ஆவணியில."

வளைவுக்கு வெளியே ஒரு லாரி ஹாரனை அமுக்கிக்கொண்டே போனது, அது போகும்வரை இவர் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆவணி. இப்போது மாசி. ஆவணியிலிருந்து இன்றுவரை தான் தின்ற சோறு, தூங்கிய தூக்கம், அவன் கூப்பிடட்டுமே என்று பிடித்த பிடிவாதம் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அழுகைதான் வரப்போகிறது என்று நினைத்தார். வந்தது ஆத்திரம். "எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா? பக்கத்துப் பக்கத்துல முப்பது வருஷம் உக்காந்திருந்தோம். ஒரே டப்பாவுல சாப்பிட்டோம். ஒரு போன் பண்ண உனக்குத் தோணலையா?" குரல் உயர்ந்துவிட்டது. பித்தளை வெட்டுகிறவன் கையை நிறுத்தினான்.

"பண்ணேன் அங்கிள்" என்றாள் தமயந்தி. குரலில் கோபம் இல்லை, அதுதான் இவரை என்னவோ செய்தது. "அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்போ பண்ணேன். அவர் போன் கெட்டுப்போச்சு, என் போன்லேருந்து பண்ணேன். கனகசபையோட பொண்ணு பேசறேன்னேன். நீங்க ராங் நம்பர்னு வெச்சுட்டீங்க. மறுபடியும் பண்ணேன். கனகசபைன்னு யாரையும் எனக்குத் தெரியாது, இன்னொரு தடவை இந்த நம்பருக்குப் பண்ணாதேன்னு சத்தம் போட்டீங்க. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஏதோ மனஸ்தாபம் போலன்னு நான் விட்டுட்டேன்."

கனகசபை. காலையிலிருந்து, நேற்றிலிருந்து தேடிய பேர் வந்துவிட்டது. உள்ளே எதுவும் ஆமாம் என்று சொல்லவில்லை. அடடா, அதுதானே என்று மனசு துள்ளவில்லை. யாரோ ஒரு கனகசபை. அப்படியானால் இந்த மண்டையில் அது எப்போதும் இருந்ததே இல்லை, இல்லாததைத்தான் இத்தனை நேரம் நோண்டிக்கொண்டிருந்திருக்கிறார். அந்த டெலிபோன் அழைப்பை நினைத்துப் பார்த்தார். லோன் வேணுமா, மனை வேணுமா, கிரெடிட் கார்டு வேணுமா என்று நாளைக்கு எத்தனை பேர் கூப்பிடுகிறார்கள். எல்லாருக்கும் ஒரே பதில், ஒரே சத்தம். அவற்றில் எது இவளுடையது? அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம்? சாப்பிட்டுக்கொண்டா, டிவி பார்த்துக்கொண்டா? கொஞ்சம்கூட ஞாபகம் இல்லை. வனஸ்பதி வாடை இருக்கிறது, இது இல்லை. "நான்தான் பேசினேனா? நிச்சயமா என் குரல்தானாம்மா?" என்று கேட்டார், கேட்கும்போதே அசட்டுத்தனம் என்று தெரிந்தது. பதிலுக்குக் காத்திராமல், "அப்பா ஏதாவது கேட்டாரா?" என்றார். இதைக் கேட்டிருக்கக் கூடாது, ஆனால் கேட்காமல் வைத்துவிட்டு எப்படி வீட்டுக்குப் போவது?

"கேட்டாரு. கோப்பை என்ன சொன்னான்னாரு. நீங்க வெளியூர் போயிருக்கீங்கன்னு சொல்லிட்டேன். சரி, திரும்பி வந்ததும் வந்துடுவான், அவன் இந்த விஷயத்துல கரெக்ட்டுன்னாரு. அதுக்கப்புறம் நர்ஸு உள்ள வந்தாக்கூட கோப்பையான்னு கேப்பாரு." பள்ளிக்கூட மணி அடித்தது. "எனக்கு கிளாஸ் இருக்கு அங்கிள். பேர் போடறது நல்லதுதான். இனிஷியல் ப." வைத்துவிட்டாள். செல்போன் சூடாக இருந்தது. அவள் வைத்த பிறகும் அந்த வாய்ப்பாட்டுச் சத்தம் காதிலேயே நின்றது. ராங் நம்பர் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? எந்தக் கனகசபைம்மா என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? இரண்டும் ஒரே நேரம்தானே ஆகும். எந்தக் கனகசபை என்று கேட்டிருந்தால் அவள் குடைக்கடை என்றிருப்பாள். ஆட்டோ பிடித்து ஓடியிருப்பார். பெரியாஸ்பத்திரிக்கு ஒரு தடவை ஓடினவருக்கு இன்னொரு தடவை ஓடத் தெரியாதா? கோபம் யார்மேல் என்று தெரியாமல் நாற்காலியின் கைப்பிடியை அடித்தார். கட்டடத்தின்மேல், கோர்ட்டின்மேல், அமீனாவின்மேல், வாயைத் திறந்து பேரைச் சொல்லாமலே போன அவன்மேல்.

மிருதுளா வந்து நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. "சார், பேர் கிடைச்சுதா?" "ப. கனகசபை" என்றார் தணிகாசலம். முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னார். "குடை வியாபாரம்." அவள் முகம் மலர்ந்தது. பித்தளை வெட்டுகிறவனிடம் கூவிச் சொல்லிவிட்டு, செல்போனை எடுத்துத் தட்டெழுத ஆரம்பித்தாள். "தேங்க்ஸ் சார், பெரிய உதவி. கமிட்டிக்கு ஒரு வரி அனுப்பணும், அவ்வளவுதான். இந்தக் கனகசபையை உங்களுக்கு நேர்லயே தெரியும்னு போட்டுக்கலாமில்ல சார்?" அவர் ஏழாம் நம்பர் கதவைத் திரும்பிப் பார்த்தார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "சார்? தெரியும்தானே?"

"தெரியும்" என்றார்.

"ஓகே சார்."

"தெரியும்மா. கனகசபையை எனக்குத் தெரியும்."

"போட்டுட்டேன் சார். அது போதும்" என்றாள் அவள், கொஞ்சம் பயந்து. அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். "போடு, நல்லாப் போடு. கனகசபையைத் தெரியும். எனக்குத் தெரியும்னு போடு" என்றார் மறுபடியும், வளைவுக்கு வெளியே தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு உரக்க.